டாக்டர் போஸ்டிங் கேட்டு ஜெபித்தார்கள்

வேலைக்காக ஜெபித்து ஜெபித்து முழங்கால் வலித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், முதலில் உங்களுக்குத்தான் என் ஸ்தோத்திரம். என் பெயர் சுகிர்தா. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கணவர் ரூபனோடும் நான்கு வயது மகளோடும் இருக்கிறேன். ஆண்டவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அதை நான் பெருமையோடு சொல்லப்போகிறேன். பெருமை பாவம் என்று என்னைத் திருத்த வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெருமையையும் அவர் தனியாகக் கவனித்துக்கொண்டார். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

போன வருடம் மே மாதத்தில் நான் உடைந்துபோயிருந்தேன். நுண்ணுயிரியலில் பிஎச்.டி. முடித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தண்ணீர்க் குழாய்களுக்கு உள்ளே வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டு வளரும் கிருமிகளைப் பற்றியது என் ஆராய்ச்சி. என் கணவர் கேலியாகப் ‘பாசி டாக்டர்’ என்பார். பட்டம் வாங்கிய அடுத்த மாதமே கர்ப்பம். ஐந்தாம் மாதத்தில் படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். அவள் எடை கூடவும், மூச்சு சீராகவும், மற்றப் பிள்ளைகளைப்போல நடக்கவும் இரண்டரை வருடம் ஓடிவிட்டது. அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள்.

வருத்தமெல்லாம் பிறகுதான் வந்தது. பிஎச்.டி. முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆராய்ச்சி செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் போஸ்ட் டாக் என்று பெயர். அதைச் செய்யாமல் எங்கள் துறையில் அடுத்த படி ஏற முடியாது. அறிவியல் துறைகளின் இணையதளங்களில் எங்கேயாவது ஒரு மூலையில் அறிவிப்பு வரும். நான் தினமும் காலையில் மகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டே தேடுவேன். விண்ணப்பம் அனுப்புவேன். பாதிக்குப் பதிலே வராது. கூப்பிட்ட இடங்களில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நடுவில் இந்த நான்கு வருடம் என்ன செய்தீர்கள்?

குழந்தை வளர்த்தேன் என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள். பேனாவை மூடிவிடுவார்கள். நான் சூடு சொரணை உள்ளவள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பொறுக்காது. அதனால் ஒரு தவறு செய்தேன். என் விண்ணப்பத்தில் அந்த வருடங்களுக்கு நேராக ‘சுயாதீன ஆய்வு’ என்று எழுதிவிட்டேன். ஏப்ரல் மாதம் ஒரு நேர்காணலில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, என்ன ஆய்வு, எங்கே செய்தீர்கள் என்று கேட்டார். என் வாய் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். எனக்கு அந்த அக்டோபரில் முப்பத்தைந்து முடிய இருந்தது. நான் பார்த்த அறிவிப்புகளில் எல்லாம் வயது வரம்பு அதுதான். ஐந்து மாதம் மட்டுமே மிச்சம் இருந்தது. அதற்குள் கதவு திறக்காவிட்டால் பத்து வருடப் படிப்பை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

எங்கள் சபை சின்னது. ஒரு வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்து ஹாலாக ஆக்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்களின் உபவாச ஜெபம் நடக்கும். பன்னிரண்டு பதின்மூன்று பேர் வருவார்கள். பாஸ்டரம்மா ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் ஜெபக் குறிப்புகளை எழுதி வைப்பார்கள். யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் மகனுக்குக் கல்யாணம் எல்லாம் அதில் இருக்கும். மே மாதக் கடைசி வெள்ளி நான் எழுந்து, “எனக்கு ஒரு போஸ்ட் டாக் கிடைக்கணும்னு ஜெபிச்சுக்குங்க” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் பாஸ்டரம்மா நோட்டைத் திறந்து வரிசையாக வாசித்தார்கள். என் முறை வந்தது.

“சுகிர்தாவுக்கு டாக்டர் போஸ்டிங் கிடைக்கணும். சீக்கிரமா ஆஸ்பத்திரியில ஆர்டர் வரணும்.”

எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் திருத்தியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா ஆண்ட்டி என் கையைப் பிடித்து, “நம்ம ஏரியா பொண்ணு டாக்டரு” என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்தக் கையின் சூடு எனக்குப் பிடித்திருந்தது. நேர்காணல்களில் யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை. நான் டாக்டர்தானே, பட்டம் இருக்கிறதே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போகப்போக வீதியிலும் ‘டாக்டரம்மா’ ஆகிவிட்டேன். காய்கறி வண்டிக்காரர்கூட மரியாதையாக ஒரு கட்டு கொத்தமல்லி கூடுதலாக வைத்தார். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லா ஆண்ட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுத்த சந்தில் தனியாக இருக்கிறார். ஜாக்கெட் தைப்பவர். அறுபது வயது. அவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தால் ஆண்டவரே கொஞ்சம் நகர்ந்து உட்காருவார் என்று நாங்கள் சொல்வோம். ஜூன் முழுவதும் அவர் என் வேலைக்காக வெள்ளி மட்டும் அல்ல, செவ்வாயும் சபைக்குப் போய் உபவாசம் இருந்தார். உபவாசம் என்றால் சாயங்காலம் வரை தண்ணீர் மட்டும்தான். மற்றப் பெண்களும் என் பெயரைச் சொல்லி உபவாசம் இருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, மகளுக்கென்று காய்ச்சி எடுத்துவைத்த தண்ணீர் பாட்டிலோடு போய் உட்கார்ந்துகொள்வேன். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஜூலை முதல் வாரத்தில் நல்ல மழை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்த மறுநாள், அதற்கு வந்த பெண்களில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு வாரத்துக்கு முன்பும் நான்கு பேருக்கு இப்படி ஆகியிருந்தது. சபையில் ஒரே பேச்சு. சாத்தான் போராடுகிறான், சுகிர்தாவின் ஆசீர்வாதத்தைத் தடுக்கப் பார்க்கிறான், அதனால் இன்னும் ஒரு நாள் கூட்டி உபவாசம் இருப்போம் என்று முடிவு செய்தார்கள். பாஸ்டரம்மாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது அவர்களின் ஜெப பலம் என்று எல்லாரும் நம்பினார்கள்.

திங்கட்கிழமை காலை பாஸ்டரம்மா போன் செய்தார்கள். ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை, நீ வந்து பார் என்றார்கள். நான் ஓடினேன். ஆண்ட்டி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்திருந்தார்.

“இது போடலாமா டாக்டரம்மா? பக்கத்து வீட்டுல குடுத்தாங்க. நீ சொல்லாம எதையும் போடக்கூடாதுன்னு ரெண்டு நாளா வச்சிருக்கேன்.”

“ரெண்டு நாளாவா? ஆஸ்பத்திரிக்குப் போகலியா ஆண்ட்டி?”

“நீ இருக்கிறப்ப சும்மா எதுக்கு ஆஸ்பத்திரி?”

அந்த வார்த்தை என்னை அறைந்தது. எனக்காக வெறும் வயிற்றில் கிடந்த மனுஷி, நான் சொல்லாத ஒரு பொய்யை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் விவரம் கேட்டார். ஸ்டெல்லா ஆண்ட்டி முனகிக்கொண்டே என்னைக் காட்டி, “இவங்களும் டாக்டர்தான், கேட்டுக்குங்க” என்றார். அவர் என்னைப் பார்த்து, எந்த மருத்துவமனை என்று கேட்டார்.

“நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. கிருமிகளைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சு பட்டம் வாங்கியிருக்கேன். எனக்கு இப்ப வேலையும் இல்லை” என்றேன்.

ஸ்டெல்லா ஆண்ட்டி என்னைப் பார்த்தார். குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் பாதித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் வார்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து ஜெபித்தேன். வேலை கேட்டு அல்ல. ஆண்டவரே, இந்தப் பெண் பிழைக்கட்டும், என்னை எதற்குப் படிக்கவைத்தீர் என்று எனக்குக் காட்டும் என்று கேட்டேன். அந்த நாட்களில் நான் செய்த உண்மையான ஜெபம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஆண்ட்டி கண் திறந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

“வைத்தியம் தெரியாதுன்னா, உனக்கு என்னதான் தெரியும்?”

“தண்ணியில இருக்கிற கிருமி தெரியும் ஆண்ட்டி.”

“அப்ப அதைப் பாரு. நாங்க என்ன தின்னோம், உபவாசந்தானே? தண்ணிதான் குடிச்சோம்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் பிஎச்.டி. வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை. ஜாக்கெட் தைக்கிற ஸ்டெல்லா ஆண்ட்டிக்குக் குளுக்கோஸ் ஏறும்போது தோன்றியது. எங்கள் சபைப் பெண்களைப் பற்றி நான் பெருமை பேசினால் அதில் தப்பு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

என்னோடு ஆராய்ச்சி செய்த தோழி ஒருத்தி கிராமங்களில் குடிநீர் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். அவளிடம் சின்னச் சின்னச் சீசாக்கள் உண்டு. உள்ளே மருந்து ஊறிய ஒரு காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, உடம்புச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் மைபோலக் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும். போன் செய்தேன். மறுநாளே ஒரு பெட்டி கொடுத்தனுப்பினாள்.

பெங்களூரின் ஜூலைக் குளிரில் உடம்புச் சூட்டுக்கு எங்கே போவது? ஆய்வுக்கூடத்தில் அதற்கென்று மின்சாரப் பெட்டி இருக்கும். என்னிடம் சப்பாத்தி வைக்கிற ஹாட் பாக்ஸ்தான் இருந்தது. அதில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிச் சீசாக்களை நிறுத்தினேன். மகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்ப்பேன். ‘லோ’ என்று காட்டினால் வெந்நீர் சேர்க்க வேண்டும். நானும் கணவரும் முறை போட்டுக்கொண்டோம்.

“பத்து வருஷம் படிச்சு கடைசியில ஹாட் பாக்ஸ்ல வந்து நிக்கிறியே சுகி” என்று அவர் கிண்டல் செய்தார்.

“வாயை மூடிக்கிட்டு வெந்நீர் ஊத்துங்க” என்றேன்.

எழுதிவைக்க நோட்டு வேண்டுமே. பாஸ்டரம்மா தங்கள் ஜெப நோட்டையே திருப்பிக் கொடுத்து, பின்பக்கத்திலிருந்து எழுது என்றார்கள். முன்பக்கம் விண்ணப்பங்கள், பின்பக்கம் தண்ணீர். நோயில் விழுந்த ஒன்பது பேரின் வீட்டுக்கும் போனேன். குழாய்த் தண்ணீர், சம்ப் என்று நாங்கள் சொல்கிற தரைத்தொட்டித் தண்ணீர், குடத்துத் தண்ணீர் எல்லாம் எடுத்தேன். நோய் வராத நான்கு வீடுகளிலும் எடுத்தேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஒரு சீசா. அது கறுக்கக்கூடாது. சாக்கடைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்ட சீசா. அது கறுத்தே ஆகவேண்டும். இந்த இரண்டும் சொன்னபடி நடந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். வாசலில் நின்று நான் இதை விளக்க விளக்க, பெண்கள் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி கேட்டார்கள்.

வீட்டுச் சீசாக்கள் ஒன்றும் கறுக்கவில்லை. எனக்குக் குழப்பமாகிவிட்டது. பிறகுதான் பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். நீங்களும் உபவாசம் இருந்தீர்களே, உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள். “எனக்குக் கேஸ் ட்ரபிள்மா. வீட்டுலேர்ந்து பிளாஸ்க்குல சீரகத் தண்ணி காய்ச்சி எடுத்துட்டு வருவேன். யார்கிட்டயும் சொல்லாத.”

மன்னிக்கவேண்டும் பாஸ்டரம்மா, ஊருக்கே சொல்கிறேன். அனுமதி வாங்கிவிட்டேன்.

அவர்களும் நானும் மட்டும் சபைத் தண்ணீரைக் குடிக்கவில்லை. உடனே சபைக்குப் போய்க் குழாயிலும், குடிநீர் பில்டரிலும், வாசலில் இருக்கிற சம்ப்பிலும் எடுத்தேன். மறுநாள் ஹாட் பாக்ஸைத் திறந்தேன். மூன்றும் மைக்கறுப்பு.

இதைச் சபையில் சொல்வது லேசான காரியம் அல்ல. சாத்தானின் போராட்டம் என்று எண்ணியிருந்தவர்களிடம், நம் வாசலிலுள்ள தொட்டிதான் காரணம் என்று சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டார். நான் முதலில் என் தப்பைச் சொன்னேன். நான் ஆஸ்பத்திரி டாக்டர் அல்ல, நீங்கள் ஜெபித்தது தவறான வேலைக்கு, தெரிந்தும் நான் திருத்தவில்லை என்றேன். பிறகு கறுத்த சீசாக்களை மேசையில் வரிசையாக வைத்தேன்.

ஒரு அக்கா எழுந்தார். “தண்ணிய ஜெபிச்சுத்தானே குடிச்சோம்?”

“ஜெபிச்சே குடிங்க அக்கா. காய்ச்சியும் குடிங்க” என்றேன். பாஸ்டரே சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை பிளம்பர் வந்து தொட்டியைக் காலி செய்தார். பக்கச் சுவரில் ஒரு விரிசல். அதை ஒட்டிப் போகிற எங்கள் கழிப்பறைக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் கசிவு உள்ளே இறங்கியிருக்கிறது. குழாயை மாற்றி, விரிசலை அடைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். நான்கு வாரம் தொடர்ந்து சோதித்தேன். சீசாக்கள் தெளிவாக நின்றன. நாற்பது சீசாக்களுக்கு மேல் தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எல்லாம் நோட்டில் எழுதியிருந்தேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. அந்த நான்கு வாரமும் நான் வேலை தேடவில்லை. வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கே அது தெரியவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தோழி ஒரு அறிவிப்பை அனுப்பினாள். இதே பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறை. நகரத்து வீடுகளின் தரைத்தொட்டிகளில் வளரும் கிருமிகளைப் பற்றிய ஆய்வு. போஸ்ட் டாக், ஒரே ஒரு இடம். வயது முப்பத்தைந்துக்குள். எனக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

ஆனால் அதே கேள்வி வருமே என்று பயந்தேன். விண்ணப்பிக்காமல் ஐந்து நாள் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா ஆண்ட்டி என்னை ஓரமாக உட்காரவைத்தார்.

“இப்ப சரியாச் சொல்லு. வேலைக்குப் பேரு என்ன?”

“போஸ்ட் டாக், ஆண்ட்டி.”

“நோட்டுல நீயே எழுது. இந்த வாட்டி தப்பா ஜெபிக்க மாட்டோம். நீயும் தப்பா எழுதாத.”

நான் எழுதினேன். அன்றைக்கு நானும் இட்லி சாப்பிடாமல்தான் போயிருந்தேன். சாயங்காலம் வரை சபைத் தண்ணீரையே குடித்தேன். வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தில் ‘சுயாதீன ஆய்வு’ என்ற வரியை அடித்தேன். உள்ளதை எழுதினேன். குறைமாதத்தில் பிறந்த மகளை வளர்த்தேன். இந்த ஜூலையில் எங்கள் சபையில் பரவிய வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடிக் குடிநீரைச் சோதித்தேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் நேர்காணல். நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் கன்னடக்காரப் பெண்மணி. நான் அவரை இப்போது மேடம் என்கிறேன். அவருக்கு இருபுறமும் இரண்டு பேர். ஆய்வு பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள். பிறகு வந்தது அந்தக் கேள்வி. நடுவில் நான்கு வருடம்?

நான் நேராகச் சொன்னேன். ஹாட் பாக்ஸைச் சொன்னேன். தெர்மாமீட்டரைச் சொன்னேன். வலதுபுறம் இருந்தவர் புன்னகைத்தார். இது வீட்டில் செய்த வேலைதானே, ஒரு கட்டுரையும் வெளியாகவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்த முறை வாய் ஒட்டவில்லை. சீசாவைப் பிடித்திருப்பது யார் என்று கிருமிக்குத் தெரியாது சார், கொதித்த தண்ணீர்ச் சீசா ஒருமுறைகூடக் கறுக்கவில்லை, சாக்கடைச் சீசா ஒருமுறைகூடத் தப்பவில்லை, வேண்டுமானால் பாருங்கள் என்று நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

மேடம் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நோய் வராதவர்கள் வீட்டிலும் ஏன் எடுத்தாய் என்று கேட்டார். ஒப்பிட ஆள் வேண்டுமே என்றேன். சீரகத் தண்ணீர் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் நோட்டைத் திருப்பி முன்பக்கத்தைத் திறந்து, இது என்ன என்று கேட்டார். இதையும் மறைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

“எங்க சபைப் பெண்களோட ஜெபக் குறிப்பு மேடம். என் வேலையும் அதுல இருக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் மெல்ல நோட்டை மூடி, இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். எங்கள் சாமி அவருக்குச் சாமி அல்ல. ஆனாலும் அந்த நோட்டை அவர் கொடுத்த விதத்தை நான் மறக்கமாட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, மகளின் பள்ளி வாசலில் நிற்கும்போது மின்னஞ்சல் வந்தது. தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்ற முதல் வரியை நான்கு முறை வாசித்தேன். எனக்கு முப்பத்தைந்து முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. இயேசப்பா, இயேசப்பா என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காவலாளி பயந்துபோய், “ஏனாயித்து மேடம்?” என்று கன்னடத்தில் என்ன ஆயிற்று எனக் கேட்டார். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அவர் தன் நாற்காலியை எனக்குப் போட்டார்.

இப்போது அந்தத் துறையில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. கதவில் என் பெயர் இருக்கிறது. முதல் மாதத்தில் மேடம் என்னைக் கூப்பிட்டு, உன் பகுதியிலிருந்தே தொடங்கு என்றார். லிங்கராஜபுரத்தில் அறுபது வீடுகளின் தொட்டிகளில் தண்ணீர் எடுக்கிறோம். முன்பின் தெரியாத ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கதவைத் திறக்காத வீடுகள், எங்கள் வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூடப் போனால் திறக்கின்றன. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்பக்கத்தில் விரல் படாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா ஆண்ட்டி மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறார். ஒரு பையன் மூடியைத் தரையில் வைத்துவிட்டானாம். அந்தச் சீசாவை வீசிவிட்டு வேறு எடு என்று விரட்டியிருக்கிறார். மேடத்திடம் அதைச் சொன்னபோது அவருக்கும் பெருமைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வேலை இரண்டு வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் நேர்காணல். முன்பு என்றால் இதை நினைத்தாலே தூக்கம் போயிருக்கும். இப்போது பயம் இல்லை. என் வாழ்க்கையில் வீணான வருடம் என்று நான் வெட்கப்பட்டு மறைத்ததை எடுத்துத்தான் ஆண்டவர் எனக்கு வேலை கொடுத்தார். அவருக்கு அதைச் செய்யத் தெரியும் என்று நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ‘டாக்டரம்மா’ என்று யாராவது கூப்பிட்டால் நின்று, நான் எந்த டாக்டர் என்று விளக்கிவிட்டுத்தான் போகிறேன். காய்கறி வண்டிக்காரருக்கு இரண்டு முறை விளக்கியாயிற்று.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற மகளோ மருமகளோ இருக்கலாம். குழந்தைக்காக, வீட்டில் நோயாளிக்காக நின்றுபோன வருடங்களை அவள் ஒரு குற்றம்போல மறைத்துக்கொண்டிருக்கலாம். அவளை மறைக்கவிடாதீர்கள். உள்ளதை எழுதச் சொல்லுங்கள். உள்ளதைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள். நாம் தப்பாகக் கேட்டாலும் அவர் சரியாகப் புரிந்துகொண்டார். சரியாகக் கேட்கக் கற்றுக்கொள்ளும்வரை என்னைக் கைவிடாமலும் இருந்தார்.

கூடச் சேர்ந்து ஜெபிக்க யாரும் இல்லை என்றால் லிங்கராஜபுரத்துக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருப்போம். உங்கள் விண்ணப்பத்தை என்ன பெயரில் எழுத வேண்டும் என்று இப்போது இரண்டு முறை கேட்டுத்தான் எழுதுகிறோம். உபவாசம் என்பதால் சாப்பாடு கிடையாது. தண்ணீர் உண்டு. நம்பிக் குடியுங்கள், அதை நான் சோதித்திருக்கிறேன்.